அப்பாவின் பொத்தான் பேசாமல் போன நாள்

அன்புள்ள வாயாடிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். நலம் என்று முழுசாக எழுத இன்று கை வரவில்லை, ஆனால் பயப்படாமல் கடைசிவரை படி. போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும், கை, கால், பேச்சு என்று எல்லாம் சோர்ந்தாலும் அவருக்கு அந்தப் பாம்புச் செவி மட்டும் சோரவில்லை. மெயில் போடலாம் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் சமையலறையில் தையல் மெஷினுக்கு மூடி போட்டு அதன்மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

மூச்சு டாக்டர் வந்து பார்த்தார், எல்லாம் பரவாயில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பாதிதான். அப்பாவால் இனி ரொம்ப நாள் தானாக மூச்சுவிட முடியாது, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மெஷின் மூச்சுக் கொடுக்கும் என்றார். ஆபரேஷனுக்கு ஒரு நாளைப் பிடித்து வைத்திருக்கிறாராம், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவரே சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவாராம், அடுத்து எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்பாவிடம் கேட்டேன். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பார், வேண்டாம் என்றால் ஜன்னல் பக்கம் பார்ப்பார், அதுதானே நம் வீட்டு வழக்கம். இரண்டும் செய்யவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் இல்லையில் அடங்காத ஏதோ ஒன்றைச் சொல்ல நினைக்கிறார் என்று புரிந்தது, ஆனால் மனசில் வைத்துக்கொண்டே நாளைக் கடத்தினார். வெள்ளிக்கிழமை காலையில்தான் பொத்தானை வை என்பதுபோல் விரலை அசைத்தார்.

அவர் பேசுவது உனக்குத் தெரியும், திரையில் எழுத்துகள் மேல் ஒரு கட்டம் ஓடும், வேண்டிய எழுத்து வரும்போது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பஸ் ஓட்டின கை, கட்டம் மெதுவாக ஓடினால் ஹாரன் அடிப்பதுபோல் சும்மாவே அமுக்கித் தள்ளுவார். அன்றைக்கு அவர் கழுத்தெல்லாம் வேர்வை. பாவமாக இருந்தது. நீ வாங்கி அனுப்பிய குட்டி ஃபேனை எடுத்து, கம்ப்யூட்டரின் ஒரு வாயை நாலு வாயாக்கும் அந்த ஹப்பில் செருகினேன். அதில் ஏற்கெனவே பொத்தான், மவுஸ், என் போன் சார்ஜர் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. திரையில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. முன்பு ஒரு தடவை வைரஸ் வந்துவிட்டது என்று எவனோ ஏமாற்றுக்காரன் பெட்டி அனுப்பியபோது, இனிமேல் எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காதேம்மா, உடனே மூடிடு என்று நீ சொன்னாய் அல்லவா. மூடினேன். மறுபடி வந்தது, மறுபடி மூடினேன், மகள் சொல்லைத் தட்டாத தாய் என்று பெருமை வேறு. அப்புறம் ஃபேன் நின்றது. மவுஸின் சிவப்பு வெளிச்சமும் பொத்தானின் பச்சை வெளிச்சமும் சேர்ந்தே அணைந்தன. திரையில் கட்டம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அமுக்கினார், அமுக்கினார், விரல் அசைவதை நான் பார்க்கிறேன், அதற்குத்தான் தெரியவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உனக்குப் போன் அடித்தேன், லேபுக்குள் போனால் போனை வெளியே வைத்துவிடுவாய் என்று தெரிந்தும் அடித்தேன். கம்ப்யூட்டர் கடைக்காரர், போர்டு போயிருக்கும்மா, கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து வச்சிட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கலாம் என்றார். அடுத்த வாரமாம். பெரியப்பாவைக் கூப்பிட்டேன், முட்டிவலியோடு பாவம் மாடி ஏறி வந்தார், அதற்கு நன்றிதான், ஆனால் வந்த வேகத்தில் பொத்தானின் வயரைப் பிடுங்கி, பெட்டியின் முன்பக்க வாயில் தலைகீழாகக் குத்தி, போகவில்லை என்றதும் இன்னும் அழுத்தி, உள்ளே இருந்த தகட்டையே வளைத்துவிட்டார். அப்புறம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவன் என்னத்தச் சொல்லப்போறான், சரின்னு டாக்டருக்கு நாமளே போன் பண்ணிடுவோம், அவனுக்காகத்தானே செய்யறோம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கிருந்தோ அப்படி ஒரு கோபம். தொண்டை அவரோடது, அவர் சொல்லட்டும், யாரும் அவருக்காகப் பேச வேண்டாம் என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெரியப்பாவிடம் குரலை உயர்த்தியதில்லை. அப்பா கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, விரல் மட்டும் அந்தச் செத்த பொத்தானை விடவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

மத்தியானம் கழிந்து, அப்பாவுக்கு இந்தப் பொத்தானைப் பழக்கிய, பேச்சுப் பயிற்சி தரும் பெண் கடைசியில் போனை எடுத்தாள். முதலில் கேட்டதே, திரையில் ஏதாவது எழுதி வந்துச்சாம்மா என்றுதான். வந்தது, மூடிவிட்டேன் என்றேன். ஏன் மூடுனீங்க என்றாள். என் மகள் சொன்னாள் என்றேன். செருகினது அளவுக்கு மேல கரண்ட் இழுக்குதுன்னு கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்லியிருக்கும்மா, நீங்க கேக்கலைன்னதும் தன்னைக் காப்பாத்திக்க வாயை மூடிக்கிட்டிருக்கும் என்றாள். எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னாள், ஹப்பையும்தான். மவுஸையும் கீபோர்டையும் பிடுங்கிவிட்டதால் பெட்டியின் பட்டனையே அணையும்வரை அமுக்கிப் பிடித்தேன். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சம் இருக்கும் கரண்ட் போக இன்னொரு தடவை அமுக்கி, கொஞ்ச நேரம் சும்மா விடச் சொன்னாள். சும்மா இருப்பதுபோல் கஷ்டம் வேறு இல்லை. பெரியப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் அப்பா நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். மறுபடி போட்டு, பொத்தானை முன்வாயில் வைத்தேன், ஒன்றும் இல்லை, பெரியப்பா வளைத்த வாய் அல்லவா. முன்பக்கத்தை விடுங்கம்மா, பின்னாடி பெட்டியிலேயே நேரா செருகுங்க, வேற எதையும் பக்கத்துல வைக்காதீங்க என்றாள். மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் தூசிக்குள் தடவித் தடவிச் செருகினேன். டிங் என்று ஒரு சத்தம். பச்சை வெளிச்சம் வந்துவிட்டது என்று பெரியப்பாதான் முதலில் கத்தினார்.

கட்டம் ஓடியது, அப்பா அமுக்கினார். முதலில், செய்யட்டும் என்று வந்தது. நான் டாக்டருக்குப் போன் அடிக்க எழுந்தேன், அவர் ஹாரன் அடித்து என்னை உட்கார வைத்தார். அடுத்ததற்கு ரொம்ப நேரம் ஆனது. வாயாடிக்குச் சொல்லாதே, வந்தால் திரும்பிப் போகமாட்டாள் என்று எழுதினார். பெரியப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் சரி என்று தலையாட்டினேன், என்ன செய்வது. டாக்டருக்கும் சொல்லியாயிற்று, நாளும் உறுதியாகிவிட்டது.

தலையாட்டிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரே வாயில் எல்லாவற்றையும் செருகாதே, வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் மூடாதே, இது உனக்கும்தான். வேலைக்குப் போகும் அவசரத்தில் பட்டினி கிடக்காதே. உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும், இது என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் சேர்த்து. இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் மூச்சுவிடாதே. ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை. வா என்று நான் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. அவருக்காக யாரும் பதில் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு அத்தனை சண்டை போட்டுவிட்டு, உனக்காக மட்டும் நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லிவிட்டால் அது எந்த ஊர் நியாயம், நீயே சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா