சுக்கானுக்கு ஒன்றுமில்லை

மாயாபந்தர்,
ஞாயிறு மாலை.

அன்பு சங்கவிக்கு,

இங்கு நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். என் கூட்டாளி தேவேந்திரன் நாளை பஸ்ஸில் போர்ட் பிளேர் போய், அங்கிருந்து பிளேனில் மெயின்லேண்ட் வருகிறான். அவன் கையில் ஒரு ஐஸ் பெட்டியும் இந்தக் கடிதமும். ஐஸ் நான் வேலை பார்க்கும் பிளாண்ட் ஐஸ்தான், நானே உடைத்துப் போட்டேன்.

பெட்டியில் இருப்பது நம் நாய் சுக்கானின் ரத்தம், இரண்டாம் முறை எடுத்தது. ரத்தக் குழாய்களை வளர்க்கும் அந்தப் பொருள் நோயில்லாத நாய்க்கு எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால்தான், கட்டி வந்த நாய்க்குக் கூடியிருப்பது புரியும் என்று உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்வாயே. அதற்காக ஊரெல்லாம் நல்ல நாய் தேடினாய். நம் வீட்டு நல்ல நாய்க்கே அது எல்லாவற்றையும் விட அதிகம் என்று தெரிந்ததும், சுக்கானுக்கும் கட்டிதான் என்று போனில் அப்படி அழுதாய்.

நேற்று உமா மகேஸ்வரி டாக்டர் கிளினிக்கில் விஷயம் வெளிவந்தது. போன தடவை நீ அனுப்பிய ஊதா மூடி ட்யூபை, சுக்கான் துள்ளியதில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் ரெங்கம்மா கீழே போட்டு உடைத்திருக்கிறார். "கோயி பாத் நஹி, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே அங்கிருந்த சிவப்பு மூடி ட்யூபில் பிடித்துவிட்டாராம். அதில் ரத்தம் உறைந்துவிடும். உறையும்போது தட்டணுக்கள் நீ அளக்கும் அதே பொருளைக் கக்கிவிடும் என்றார் டாக்டர். மேலே தெளிந்ததை ஊற்றி அனுப்பினால் இரண்டும் ஒரே மஞ்சள். நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?

டாக்டர் சுக்கானின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கட்டி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. இந்த முறை ஊதா மூடிதான், உடனே மெஷினில் சுற்றிப் பிரித்தும் கொடுத்தார். சுக்கான் துரை வீட்டுக்கு வந்து ஒரு முழுச் சூரை மீனைத் தின்றுவிட்டுத் தூங்குகிறார்.

ரெங்கம்மா மேல் கோபப்படாதே. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அவர் செய்த தவறால்தானே நீ உன் கைடிடம் சண்டை போட்டு லீவு வாங்கி, வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாய்? பொங்கலுக்கு வரவில்லை, நம் கல்யாண நாளுக்கு வரவில்லை, சாம்பிள் சாம்பிள் என்றாய். சுக்கானுக்கு என்றதும் புறப்பட்டுவிட்டாய். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்த நாய் மேல் பொறாமையாகவும் இருந்தது. வீட்டை ஒட்டடை அடித்து, உன் தலையணைக்கு உறை மாற்றினேன்.

நேற்று இரண்டு தடவை லைன் கிடைத்தது. இரண்டு தடவையும் இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொல்லாமலே இருந்தால் வியாழக்கிழமை நீ இங்கே இருப்பாய். ஆனால் அதுவரை நீ அழுதுகொண்டிருப்பாய், தப்பான கணக்கும் உன் ஆராய்ச்சியில் ஏறிவிடும். மனசு கேட்கவில்லை.

ஆகவே சுக்கானுக்கு ஒன்றுமில்லை. நிம்மதியாகத் தூங்கு. ஆனால் சங்கவி, டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்துவிடாதே. வீட்டில் உடம்பு சரியில்லை என்று கைடிடம் சொன்னது அப்படியே இருக்கட்டும். யாருக்கு என்று கேட்டால் என் பெயரைச் சொல். அது பொய்யில்லை.

உன்னைப் பார்க்காமல் இளைத்துப்போன,
ஒச்சப்பன்