இடது கைக்கு ஒரு கிளாம்ப்

செவ்வாய்க்கிழமை. மழை விட்டுவிட்டது.

மரமேறும் வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தேன். கயிற்றில் ஏறினாலே வலது தோளில் உயிர் போகிற வலி. வயசாகிவிட்டது என்றே நினைத்தேன். கடைசியாக ஒரு முறை பார்ப்போம் என்று, கயிற்றில் மேலே மட்டும் நகரும் கைக்கிளாம்ப் புதிதாக வாங்கப் போனேன். கீழே நின்று எனக்குக் கயிறு பிடிக்கும் ரஹ்மத்தும் வந்தான்.

கடைக்காரம்மா நீட்டியதை இடது கையால் வாங்கினேன்.

"எடக்கைக்காரரா சார்? அப்போ இது வேணாம், இது வலக்கைக்கு. எடக்கைக்குத் தனியா இருக்கு."

ரஹ்மத் என்னை முறைத்தான். "மூணு வருஷமா இது தெரியாதாண்ணா?"

தெரியாது. கிளாம்ப் என்றாலே வலது கைக்குத்தான் என்று பழகிவிட்டேன்.

இடக்கைக் கிளாம்ப்பை மாட்டி, கடையில் தொங்கிய கயிற்றிலேயே ஏறிப் பார்த்தேன். தோள் முனகவில்லை. நாளை லிங்கராஜபுரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். இதை எழுதுகிற கைதான் என்னை மேலே ஏற்றப்போகிறது.