ஜன்னலும் இல்லாத ஏடும்

என் அகராதி மகாராணிக்கு,

மூவுலகப் புத்தகங்களுக்கும் பைண்டிங் போட்டவனென்று பீற்றிக்கொள்ளும் உன் மாமா எழுதுகிறேன்.

'ஜன்னல்' என்ற சொல் நம்மிடமிருந்துதான் கப்பலேறிப் போனது, பழைய ஏடொன்றை பைண்டு செய்தபோது கண்ணால் பார்த்தேன் என்று உன்னிடம் அளந்தேன். அப்படி ஓர் ஏடே கிடையாது. நீ என்னை நம்பி அகராதியில் அச்சேற்றிவிட்டாய்.

உன் பதிப்பாசிரியர் போனில் விசாரித்தபோது, "ஐயோ, நான் எங்கங்க சொன்னேன்? அவளா ஏதாவது கட்டி விட்டிருப்பா" என்றேன். அன்றைக்கே உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நேற்றுதான் வேறொரு அகராதியைப் புரட்டினேன். 'ஜன்னல்' போர்ச்சுகீசியரோடு இங்கே வந்த சொல்லாம். மலாயில் 'ஜெண்டேலா', சிங்களத்தில் 'ஜனேலய', எல்லாம் ஜன்னலே. லத்தீன் மூலத்தில் மட்டும் அது சின்னக் கதவு. இதைப் படிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் புளுகுக்கோ ஒரு கப்பற்படையே தேவைப்பட்டது!

இன்று காலை உன் ஆபீசுக்குப் போனேன். "பொய் சொன்னது நான்தாங்க, அவ இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, எழுதியும் கொடுத்தேன். "பாக்கலாம்" என்றார் பதிப்பாசிரியர்.

நகலை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றே வரி. ஜோடனை இல்லாமல் நான் ஆயுளில் எழுதியது அவ்வளவுதான்.

தலைகுனிந்து,
உன் புளுகு மாமா