எதிர்வீட்டுச் சன்னல்

தார்ன்பரி, வெர்மாண்ட்
மார்ச் 7, 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சான்டா பார்பராவில் இந்த மாதமே ரோஜா பூக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இன்னும் இடுப்பளவு பனி. பகலில் கொஞ்சம் இளகுகிறது. மேப்பிள் மரங்களில் பாகுக்குச் சாறு பிடிக்க வாளிகள் தொங்கவிட்டுவிட்டார்கள். நம் வீட்டு மரங்களில் நான் மாட்டவில்லை, ஒரு ஆளுக்கு எவ்வளவு பாகு வேண்டும்?

உங்கள் கட்டுரைத் தொகுப்பின் புரூஃப் கட்டு புதன்கிழமை வந்தது. நாட்டின் இருநூறாவது பிறந்தநாளுக்குப் புத்தகம் கடைக்கு வர வேண்டுமென்றால் பதினைந்தாம் தேதிக்குள் திருத்தங்கள் நியூயார்க் போய்ச் சேர வேண்டுமாம். பதிப்பாசிரியர் சிவப்பு மையில் குறித்திருக்கிறார். எழுத்துப் பிழையை மட்டும் பார்த்தால் போதும், கருத்தைத் தொட வேண்டாம் என்று நீங்களும் வழக்கம்போல் எழுதியிருந்தீர்கள். இருபது வருடமாக உங்கள் பக்கங்களைத் தட்டச்சு செய்கிறேன். ஒரு கருத்தையும் தொட்டதில்லை.

கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக இப்போதுதான் படிக்கிறேன். 1951-இல் எழுதியதில் அம்மா நிமோனியாவில் படுத்திருக்கிறாள், ஊரே வந்து நமக்கு விறகு அடுக்குகிறது. இந்த நாட்டில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட யாரும் காரணம் தேடுவதில்லை என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பக்கத்தைத்தான் ஊர் மண்டபத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பதினேழு வருடம் கழித்து, போர்க்காலத்தில், அதே ஆட்களைத் தங்கள் வேலிக்கு வெளியே எது எரிந்தாலும் திரும்பிப் பார்க்காத நல்லவர்கள் என்று எழுதினீர்கள். அப்போதும் மண்டபத்தில் சட்டத்தை யாரும் கழற்றவில்லை. கடைசிக் கட்டுரையில் கோபம்கூட இல்லை. எல்லோரும் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் உற்சாகமாக இருந்தபோது நாடு உற்சாகமாக இருந்தது. நீங்கள் கோபப்பட்டபோது அதன் முகம் கடுத்தது. இப்போது உங்களுக்கு எழுபத்து நான்கு வயது, நாடும் உங்களோடு சேர்ந்து தனியாகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. படிக்கும்போது தோன்றியது, எழுதுகிறேன்.

நான் எழுத வந்தது கடைசிக் கட்டுரையைப் பற்றி.

பிப்ரவரியில் அது பத்திரிகையில் வந்ததுமே ஊரில் எல்லோரும் படித்துவிட்டார்கள். நூலகத்துக்கு வரும் ஒரே பிரதி, மூன்று நாளில் ஓரம் கிழிந்துவிட்டது. போன வருடம் ஜனவரியில் கிழவர் ஆஸா பிரிட்ஜ்மன் இறந்ததை உங்களுக்கு எழுதியவள் நான்தான். என் கடிதத்தில் இருந்தது மூன்றே வரி. ஆஸா போய்விட்டார். நாலு நாள் யாரும் கதவைத் தட்டவில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதிலிருந்து நீங்கள் பதினோரு பக்கம் எழுதினீர்கள். பாஸ்டனிலிருந்து வந்து குன்றை வாங்கியவர்கள், பனிச்சறுக்குக்காக மட்டும் ஊருக்கு வருபவர்கள், அவர்களுடைய பெரிய சன்னல். "அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கொடியவர் அல்ல. இன்னொரு மனிதர் தேவைப்படாதவர், அவ்வளவுதான். அவர்தான் இன்றைய அமெரிக்கர்." இந்த வரியைப் பல பத்திரிகைகள் எடுத்துப் போட்டன.

அப்பா, ஆஸா சாகும்போது குன்றில், பாஸ்டன்காரர்களின் சன்னலுக்கு எதிரே, இல்லை. அங்கிருந்த பண்ணையை விற்றுவிட்டு, சாலை வளைவில் இருக்கும் சின்ன மரவீட்டுக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. அவர் வந்த வாரமே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் மறந்திருப்பீர்கள். நீங்கள் இங்கே கடைசியாக வந்து ஒன்பது வருடமாகிறது. வளைவு வீட்டுக்கு எதிரே இருப்பது ஒரே ஒரு வீடுதான், அது நம்முடையது. எரிந்தது நம் சமையலறை விளக்கு. அதன் கீழே உட்கார்ந்திருந்தது நான்.

அந்த வாரம் செவ்வாய் காலை அவர் புகைபோக்கியில் புகை இல்லை. பார்த்தேன். மருமகளைப் பார்க்க ரட்லண்ட் போயிருப்பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புதனன்றும் பார்த்தேன். வியாழனன்று அந்தப் பக்கத் திரையை இழுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பனி தள்ளும் வண்டி ஓட்டும் டெல்மர் கூம்ஸ், ஆஸாவின் வாசல் பனியில் ஒரு காலடிகூட இல்லை என்று இறங்கிப் போய்ப் பார்த்தான். திங்கள் இரவே, தூக்கத்தில் போயிருக்கிறார், யார் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். உங்களுக்கு எழுதும்போது "யாரும்" என்று எழுதினேன். எவ்வளவு வசதியான சொல்.

போன செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் நடந்தது. போகாமல் இருந்தால்தான் பேசுவார்கள் என்று போனேன். வாசலில் பெயர் குறிக்கும் ஊர் எழுத்தர் யூனிஸ் லாம்சன் என் கையைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷமும் வெறுங்கையா? உங்க அம்மா விருந்துக்கு மூணு ஆப்பிள் பை சுட்டுக் கொண்டு வருவா. நீ வர்றதே பெருசு, போ, உள்ள போ" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். ஆனால் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். தேவைக்கு மேல் விட்டார்கள்.

சாலை, பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி எல்லாம் முடிந்து, வேறு விஷயம் உண்டா என்று கேட்டபோது குன்று வீட்டுக்காரர் பிரென்டிஸ் எழுந்தார். ஐந்து வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை. கையில் அந்தப் பத்திரிகை. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் தன் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார்களாம், கிழவனைச் சாகவிட்டவளே என்று. "போன ஜனவரியில எங்க வீடு பூட்டிக் கிடந்துச்சு. தண்ணிக் குழாயைக்கூட அடைச்சிட்டுப் போயிருந்தோம். அந்தச் சன்னல் எங்களோடது இல்லை. அது யாரோட வீடுன்னு ஊர் சார்பா பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்க. வேற ஒண்ணும் கேக்கலை" என்றார்.

மண்டபத்தில் நூற்றிருபது பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு அத்தனை பேரும் எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதை நான் பார்த்தேன்.

யூனிஸ் பேனாவை மூடிவைத்தாள். "வீட்டைக் கூட்டக் குறிப்புல எழுதணும்னா யாராவது பேர் சொல்லி முன்மொழியணும். முன்மொழியறவங்க எழுந்திருங்க" என்றாள்.

யாரும் எழவில்லை. பிறகு டெல்மர் எழுந்தான், தொப்பியைக் கழற்றாமலே. "அந்த நாலு நாள்ல ஆறு தடவை அவர் வாசலைத் தாண்டி வண்டி ஓட்டினேன். என் வண்டி விளக்கும் எரிஞ்சுதான் இருந்துச்சு. பேர் வேணும்னா என் பேரைப் போட்டுக்க, யூனிஸ். கூம்ஸ்ல ரெண்டு 'ஓ'. போன வருஷம் வரி ரசீதுல ஒண்ணை முழுங்கிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். பிரென்டிஸ் சிரிக்கவில்லை, பத்திரிகையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக் கூட்டம் கலைந்தது. நான் எழுந்து நின்றிருக்க முடியும். கால் அருகே இருந்த என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரென்டிஸின் மனைவி கூட்டத்துக்கே வரவில்லை. பீன்ஸ் பரிமாறும் வரிசையில் டெல்மர் எனக்குப் பின்னால் வந்து நின்றான். "உங்கப்பாவுக்கு எழுதறப்ப நான் விசாரிச்சதா எழுது. வளைவு வீடு இன்னும் வளைவுலதான் இருக்கு, குன்றுக்குப் போயிடலைன்னும் எழுது" என்றான்.

அவர்கள் என்னை மன்னித்தார்களா, இல்லை, மன்னிக்கும் அளவுக்குக்கூட என்னோடு பேச விரும்பவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான். நீங்கள் 1951-இல் ஒன்றையும் 1968-இல் மற்றதையும் எழுதினீர்கள்.

எது எப்படியானாலும், பூட்டிக் கிடந்த வீட்டின் மேல் அந்தப் பழி புத்தகத்திலும் ஏறி, நூலகம் நூலகமாக உட்காரக் கூடாது. இருநூற்று எண்பத்தொன்றாம் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குன்றையும் பாஸ்டனையும் அடித்துவிட்டேன். ஓரத்தில், நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்களோ அப்படி எழுத முயன்றேன்: "அது நான் கட்டிய வீடு. விளக்கின் கீழ் இருந்தது என் மகள்." இவ்வளவு பெரிய திருத்தத்துக்கு உங்கள் கையெழுத்து இல்லாமல் பதிப்பகத்தில் ஏற்க மாட்டார்கள். கட்டுரையையே எடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து எடுக்காதீர்கள். எடுத்தால் பத்திரிகையில் வந்தது மட்டும்தான் நிற்கும். கையெழுத்துப் போட்டு நேராக நியூயார்க்குக்கு அனுப்பிவிடுங்கள்.

திருமதி பிரென்டிஸுக்கு நானே இன்று எழுதிவிட்டேன். கடிதத்தைத் தபாலில் போடாமல் குன்றுக்கு நடந்துபோய்க் கொடுத்தேன். அவள் வாசலில் நின்றே முழுவதும் படித்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, சாலை வழுக்கும், ஓரமாகப் போ என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. "இன்னொரு மனிதர் தேவைப்படாதவர்" என்ற வரியையும் அடித்திருக்கிறேன். பதிலாக எதுவும் எழுதவில்லை. ஆஸா இறந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தபோது நான் யாரோடும் பேசி ஒன்பது நாளாகியிருந்தது. தலை வாரவில்லை. எதிர்வீடு இருநூறு அடி தூரம்தான். மேலங்கியை இரண்டு முறை மாட்டி இரண்டு முறை கழற்றினேன். ஏன் போகவில்லை என்பதை மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. எழுதினால் அது நல்ல கட்டுரையாகிவிடும், அப்பா. உங்களுக்கு என்னைவிட நன்றாக எழுதவும் வந்துவிடும்.

அதை நீங்கள் என்னிடம் கேட்க வேண்டும். வந்து, எதிரே உட்கார்ந்து, கையில் பென்சில் இல்லாமல் கேட்க வேண்டும். ஏப்ரலில் சாலை சேறாகிவிடும், எந்த வண்டியும் ஏறாது. அதற்கு முன்னால் வர முடிந்தால் வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
வின்னி