வெள்ளைத்தாடிப் பிரபு சிறைக்குப் போன கதை

மே 4, ஞாயிறு

வெயில். பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: பூசை முடிந்து வரும் வழியில் என் இடது செருப்பின் வார் இயற்கை எய்தியது. மூன்றாம் நாள் வரை பொறுக்காமல் ஊக்கு குத்தி உயிர்ப்பித்தேன்.

இந்த வார வேலைகள்: குடத்தில் தண்ணீர் பிடிக்க. மாவு மில். ஓர் அரசைக் கவிழ்க்க.

கடைசி வேலை கம்ப்யூட்டர் சென்டரில். புது விளையாட்டு. வாளும் குதிரையுமாகப் பழைய காலத்து நாடு. ராஜா படுத்த படுக்கை. நாற்காலிக்கு இரண்டு பிரபுக்கள் போட்டி. அந்த இருவருக்கும் நடுவே கடிதம் சுமக்கிற வீரன்தான் நாங்கள். அவர்கள் பெயர் வாயில் நுழையாததால் நானே ஞானஸ்நானம் கொடுத்தேன்: வெள்ளைத்தாடி, மோதிரக்கை. கோமான்கள் இருவர், கோமாளி ஒருவன் (என்னோடு ஆடும் ஸ்டீபன்).

மவுஸ் அவன் கையில். இங்கிலீஷ் வசனத்தைத் தமிழில் சொல்வது நான். அவன் நிலக்கோட்டை, தமிழ் மீடியம். அப்பாவோடு மல்லிகை வேனில் வருவான், வேன் திரும்பும்வரை ஒரு மணி நேரம். நான் இல்லாவிட்டால் அந்த நாடே அவனுக்கு ஊமைப்படம். தற்பெருமை இல்லை, தகவல்.

மே 7, புதன்

புழுக்கம். ஸ்டீ. வந்தான். மவுஸ் முழுக்கப் பூ வாசம். இன்று வெள்ளைத்தாடி நீளமாகப் பேசினார். நான் சொன்ன தமிழ்: “தம்பி, சண்டைக்குப் போன என் மகன் திரும்பல. நீ வந்து நின்னதும் அவன்தான்னு நினைச்சுட்டேன்.”

ஸ்டீ. மவுஸை விட்டுவிட்டான்.

“நாம இவரு பக்கம்டா. என்ன ஆனாலும்.”

“ஏலே, மோதிரக்கை குதிரை தர்றேங்கிறான்.”

“குதிரைய அவனே ஓட்டட்டும்.”

ராத்திரி வெஞ்சனம் புடலங்காய். மூன்றாவது நாளாக.

மே 10, சனி

ராஜசபை. பிரபுக்கள் எதிரெதிரே. மந்திரி எங்களிடம் ஏதோ கேட்டார். கேள்வியே அரைப் பக்கம். கீழே மூன்று பதில். வெளியே வேன் ஹாரன்.

“எதுடா? சீக்கிரம்.”

“ரெண்டு. வெள்ளைத்தாடி நல்லவருன்னு சாட்சி.”

அமுக்கினான். காவலர்கள் வந்து வெள்ளைத்தாடியைச் சங்கிலியில் இழுத்துப் போனார்கள். அதோடு தானாக சேவ் ஆகிவிட்டது. பின்னால் போக வழியில்லை.

“நான் மூணை அமுக்கிட்டேனாடா?”

அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும் சொன்னேன்: “இருக்கும். கை வழுக்கியிருக்கும்.”

மே 13, செவ்வாய்

வேன் வந்தது. ஸ்டீ. இல்லை. அவன் அப்பா பூக்கூடை இறக்கிக்கொண்டே, “வரமாட்டேன்னுட்டான்ப்பா. யாரோ பெரியவரை மாட்டி விட்டுட்டானாம்ல. சரியாச் சாப்பிடவும் மாட்டேங்கிறான். யாருப்பா அது?”

“எங்களுக்குத் தெரிஞ்சவருங்க” என்றேன். வேறு என்ன சொல்ல.

சென்டருக்குப் போகவில்லை. இரண்டு முறை வாசல் வரை போனேன். மாவு மில் மறந்துவிட்டது. அம்மாவிடம் திட்டு.

மே 14, புதன்

முதல் பஸ்ஸில் நிலக்கோட்டை. ஸ்டீ. தோட்டத்தில் மொட்டு பறித்துக்கொண்டிருந்தான்.

“நீ ரெண்டைத்தான்டா அமுக்குன. நான் சொன்னதுதான் தப்பு.”

“தப்பாப் படிச்சிட்டியா?”

“படிக்கவே இல்ல.”

கை நின்றது. “அப்ப அவரு மகன்?”

“அது... நானாச் சொன்னது.”

அவன் வரிசையில் அடுத்த செடிக்குப் போனான். நானும் பறித்தேன். அவன் ஒரு கை, நான் நாலு மொட்டு. பிறகு, என்னைப் பார்க்காமலே: “சனிக்கெழம வாரேன். முதல்லேர்ந்து ஆடணும். டிக்சனரி கொண்டா. ஒவ்வொரு வார்த்தையா நானும் பார்ப்பேன்.”

சரி என்றேன். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பத்து வருடம் இங்கிலீஷ் மீடியம். அந்த விளையாட்டில் எனக்கு முழுதாகப் புரிந்தவை: ஆம், இல்லை, வெளியேறு. அந்தக் கிழவர் நல்லவரா கெட்டவரா என்றே எனக்குத் தெரியாது.