பந்தியில் கசந்த பெயர்

ஆவணி 8, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்று மகனுக்குப் பெயர் வைத்தோம். நாதன் என்று நான்தான் சொன்னேன். என் கணவரின் அண்ணனுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "மூணாறு எஸ்டேட்டுக் கிறிஸ்தவப் பொண்ணுன்னாலும் சாமி பேரா வெச்சிருக்கறா பாருங்க" என்று பெருமாட்டி ஊர்ச் சனம் முழுக்கக் கேட்கப் பந்தியில் பெருமைப்பட்டார்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தம்பி, "இங்கிலீஷ் பைபிள்லயும் இந்தப் பேரு இருக்குண்ணே. எபிரேய மொழியில 'அவர் கொடுத்தார்'னு அர்த்தம்" என்றான்.

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். "எங்களை ஏமாத்திப் போட்டியே அம்மிணி. இந்தப் பேரு நம்ம ஊட்டுக்கு ஆகாது" என்றார்.

அதற்குள் பெயரில் ஓர் எழுத்தாவது மாறிவிட்டதா? இரண்டு முறை கரு கலைந்த பிறகு வந்த பிள்ளை இவன். எந்தச் சாமி கொடுத்தது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. கொடுத்தார், அவ்வளவுதான்.

"பேரை மாத்த மாட்டேனுங்க" என்றேன். என் கணவர் சாம்பார் வாளியுடன் அடுத்த இலைக்குப் போய்விட்டார். இப்போது தொட்டிலை ஆட்டியபடி, அடுத்த அறையில் இருக்கும் அண்ணனுக்குக் கேட்காத குரலில், "நாதா, தூங்குடா" என்கிறார்.

அதைப் பந்தியில் சொல்லியிருக்க வேண்டும்.