பதினேழாம் நோன்பன்று நிறுத்திய டிவி

கெய்ரோ,
12 மார்ச் 2019

அன்புத் தம்பி மஹ்ரூஸுக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டால் பேச்சை மாற்றுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வாழ்க்கைக் கதை புத்தகமாக வருகிறது. வாப்பாவின் தேய்ப்புக் கடையில், துணி கொடுத்தவர்களின் கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களைப் போலவே நடந்து காட்டுவேனே, அங்கேதான் ஆரம்பம். வாப்பா சிரிப்பை அடக்க முடியாமல், துணியில் தெளிக்க வாயில் வைத்திருந்த தண்ணீரை உன்மேல் துப்புவார். அதையும் எழுதிவிட்டேன், கோபிக்காதே.

ஓரிடத்தில்தான் கை நிற்கிறது. நான் நடித்த முதல் தொடர் வந்த ரமலானில் ஊருக்கு வந்தேன். பதினேழாம் நோன்பு. நோன்பு திறந்ததும், அடுப்படியில் இருந்த உன்னைத் தவிர எல்லோரும் டிவி முன் உட்கார்ந்தோம். தொடர் ஆரம்பித்ததும் வாப்பா எழுந்து டிவியை நிறுத்தினார். அப்படியே அடுப்படிக்குள் போய்விட்டார். அன்றே பஸ் ஏறிவிட்டேன். 'நடிகையைப் பெற்றதற்கு வெட்கப்பட்டார்' என்று எழுதியிருக்கிறேன். அவர் மண்ணுக்குள் போனபிறகு இதை அச்சில் ஏற்றலாமா? நீயே சொல்.

உன் அக்கா,
ஷாஹிந்தா


மன்சூரா,
20 மார்ச் 2019

நட்சத்திர அக்காவுக்கு,

வலி அப்படியேதான் இருக்கிறது. "வயசாச்சுல்ல" என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி.

உனக்குப் புத்தி இருக்கிறதா அக்கா? முந்தின நாள் கதையில் நீ விஷம் குடித்தாய். "குடிக்காதடி, அவன் கலந்துட்டான்டி" என்று டிவியைப் பார்த்துக் கத்தியவர் வாப்பா. ஒரு நாள் விடாமல் பார்த்தார். மறுநாள் கதையில் உன் மையத்தை அடக்கப்போகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். டிவியை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னார்: "பெத்த புள்ளைக்குக் கஃபன் துணி சுத்துறதப் பாத்துக்கிட்டே கதாயிஃப் திங்கச் சொல்றியாடா?"

நீ ஷூட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனாய். நாங்களும் நம்பிவிட்டோம். நல்ல நடிகைதான் போ. மறுநாள் கடைக்கு வந்தவர்களெல்லாம் துக்கம் கேட்டுக் கிண்டலடித்தார்கள். "செத்தாளாம்ல! நேத்து என் வீட்டுல உக்காந்து சாப்டுட்டுப் போனாப்பா" என்று வாப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

தம்பி,
மஹ்ரூஸ்


கெய்ரோ,
27 மார்ச் 2019

என் கண்ணான தம்பிக்கு,

அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. வெட்கப்பட்டார் என்ற வரியை அடித்துவிட்டு, அடுப்படியில் அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

முதல் நோன்புக்கு வருகிறேன். கதாயிஃபில் வாதுமை நிறையப் போடச் சொல். இந்த வருஷத் தொடரில் நான் மாமியார். கடைசி நாள்வரை மருமகளைத் திட்டிக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறேன். டிவியைத் தைரியமாகப் போட்டு வை.

உன் அக்கா,
ஷாஹிந்தா